பழைய டேட்டாவை ஆர்க்கைவ் செய்யும்போது பில் ஏன் காலியாகிறது? டேபிள்களின் உறவும் கட்டுப்பாடும்: ஒரு முழு விளக்கம்

2023 மே மாதம் ஆன்லைனில் ஓர் ஏசி வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 40,000 ரூபாய். அப்போதைய ஜிஎஸ்டி 28%. மொத்தம் 51,200 ரூபாய் கட்டினீர்கள். கம்ப்ரஸருக்கு 10 ஆண்டு வாரன்டி. இப்போது கம்ப்ரஸர் மக்கர் செய்கிறது. பில்லை வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் கடையின் செயலிக்குப் போய் ‘பழைய ஆர்டர்கள்’ என்ற இடத்தைத் தொடுகிறீர்கள்.

பில் வருகிறது. ஆனால் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. சீரியல் எண் இல்லை. ஜிஎஸ்டி 18% என்று போட்டு, மொத்தம் 47,200 ரூபாய் என்கிறது. நீங்கள் கட்டியதற்கும் பில்லுக்கும் 4,000 ரூபாய் வித்தியாசம். சர்வீஸ் சென்டரில் காட்டினால், “சார், என்ன வாங்குனீங்கன்னே இதுல இல்லையே” என்கிறார்கள்.

இது கற்பனைதான். ஆனால் இதில் வரும் மூன்று பிழைகளும் நிஜ வாழ்க்கையில் நடக்கக்கூடியவை. யாரும் ஹேக் செய்யவில்லை, சர்வரும் பழுதாகவில்லை. பழைய ஆர்டர்களை ஆர்க்கைவுக்கு மாற்றியபோது, எந்த டேபிள் எந்த டேபிளோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதை ஆர்க்கைவ் மென்பொருளுக்கு அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஐடி துறையில் இருந்தால் இந்த வேலை என்றாவது உங்கள் மேஜைக்கு வரும். ஃபைனான்ஸ், ஆடிட், ஹெச்ஆர் பக்கம் இருந்தால், அந்த வேலையின் விளைவு உங்கள் மேஜைக்கு வரும். அதனால் அடிப்படையிலிருந்தே பார்த்துவிடுவோம்.

ஆர்க்கைவும் பேக்கப்பும் ஒன்றா?

இல்லை. பேக்கப் என்பது நகல். இன்றைக்கு இருக்கும் டேட்டாபேஸ் நாளைக்குக் கெட்டுப்போனால் திரும்பக் கொண்டுவருவதற்கு. அசல் அங்கேயே இருக்கும்.

ஆர்க்கைவ் என்பது இடமாற்றம். அன்றாடப் பயன்பாட்டுக்குத் தேவைப்படாத பழைய பதிவுகளை எடுத்து, வேறு இடத்தில் எழுதி, சரியாக எழுதப்பட்டதா என்று பார்த்து, பிறகு அசல் டேட்டாபேஸிலிருந்து நீக்குவது. டேபிள் சிறியதானால் வேலை வேகமாகும், ஸ்டோரேஜ் செலவு குறையும். அதே நேரம், சட்டப்படி பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய டேட்டாவும் கையில் இருக்கும்.

கடைசிப் படியான ‘நீக்குவது’தான் ஆபத்தான இடம். பேக்கப்பில் ஒரு டேபிள் விட்டுப்போனால் அசல் இருக்கிறது. ஆர்க்கைவில் விட்டுப்போனால், அடுத்த சில வாரங்களில் பழைய பேக்கப்புகளும் சுழற்சியில் அழிந்த பிறகு, அது எங்குமே இருக்காது. ஊர் மாறும்போது அடுப்பு ஒரு லாரியில் போய், ரெகுலேட்டர் பழைய வீட்டிலேயே தங்கிப்போனால் எப்படி? சாமான் எதுவும் உடையவில்லை. ஆனால் சமைக்க முடியாது.

டேபிள்களுக்கு இடையில் என்ன உறவு?

ஓர் ஆர்டரின் எல்லா விவரங்களையும் ஒரே டேபிளில் எழுதுவதில்லை. வாடிக்கையாளர் விவரம் ஒரு டேபிளில், ஆர்டர் ஒன்றில், அந்த ஆர்டரில் உள்ள ஐட்டங்கள் இன்னொன்றில், பேமென்ட் வேறொன்றில். 1970-ல் ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் மாதிரியின் வழியில்தான் இன்றைக்கும் பெரும்பாலான வணிக டேட்டாபேஸ்கள் நடக்கின்றன.

ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் எண் பிரைமரி கீ. ஆர்டர் டேபிளில் ஆர்டர் எண். அதே ஆர்டர் எண்ணை ஐட்டம் டேபிளும் தன்னிடம் வைத்துக்கொண்டு, “நான் இந்த ஆர்டரைச் சேர்ந்தவன்” என்று சொல்கிறது. அது ஃபாரின் கீ. சுட்டப்படும் ஆர்டர் டேபிளைத் தாய் என்றும், சுட்டும் ஐட்டம் டேபிளைச் சேய் என்றும் இங்கே வைத்துக்கொள்வோம்.

இந்த உறவை டேட்டாபேஸே காவல் காக்கும்படி எழுதிவைப்பதுதான் கட்டுப்பாடு, அதாவது கன்ஸ்ட்ரெய்ன்ட். இல்லாத ஆர்டர் எண்ணோடு ஓர் ஐட்டத்தைச் சேர்க்கப் பார்த்தால், ஃபாரின் கீ கட்டுப்பாடு தடுக்கும். இதைத் தவிர, ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்று சொல்லும் யுனிக், காலியாக விடக்கூடாது என்று சொல்லும் நாட் நல், விலை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளுக்கான செக் ஆகியவையும் உண்டு.

டேட்டாபேஸுக்கே தெரியுமே, மறுபடி ஏன் சொல்ல வேண்டும்?

நியாயமான கேள்வி. எல்லா உறவும் டேட்டாபேஸில் எழுதப்பட்டிருந்தால் ஆர்க்கைவ் மென்பொருள் தானாகவே படித்துக்கொள்ளும். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. காரணங்கள் பல:

• மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் வகை டேபிள்கள் ஃபாரின் கீ வரியை எழுதினால் பிழை சொல்லாது, ஆனால் அதைக் கண்டுகொள்ளவும் செய்யாது. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் இயக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில்கூட, ஒரு டேபிளைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்துவிட்டால் ஃபாரின் கீ வைக்க முடியாது.

• சாப் போன்ற பெரிய மென்பொருள்களில் உறவுகள் டேட்டாபேஸில் அல்ல, அப்ளிகேஷனுக்குள் இருக்கின்றன. கணக்கு ஆவணத்தின் தலைப்பு பிகேபிஎஃப் டேபிளிலும், அதன் உட்பதிவுகள் பிஎஸ்இஜி டேபிளிலும் இருக்கும். இவை சேர்ந்தே போக வேண்டும் என்பதற்காகத்தான் சாப்பில் ‘ஆர்க்கைவிங் ஆப்ஜெக்ட்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. கணக்கு ஆவணங்களுக்கான ஆப்ஜெக்டின் பெயர் எஃப்ஐ_டாக்யூஎம்என்டி.

• ஆர்டர் ஒரு டேட்டாபேஸில், கிடங்கு இன்னொரு டேட்டாபேஸில் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஃபாரின் கீ போட வழியில்லை. நம் ஏசியின் சீரியல் எண் காணாமல் போனது இப்படித்தான். அது கிடங்கின் டிஸ்பாட்ச் டேபிளில் இருந்தது. ஆர்டருக்கும் அதற்கும் உறவு உண்டு என்பது கோடு எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவர் கம்பெனி மாறிப் போய்விட்டார்.

• சில டேபிள்களில் ‘வகை’, ‘எண்’ என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். வகை ‘ஆர்டர்’ என்றால் எண் ஆர்டரைக் குறிக்கும். ‘ரிட்டர்ன்’ என்றால் ரிட்டர்னைக் குறிக்கும். ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதியவர்களுக்கு இது பழகிய விஷயம். இதைச் சாதாரண ஃபாரின் கீயாக எழுத முடியாது.

• சில உறவுகள் ஜேசன் உரைக்குள்ளேயோ, காற்புள்ளி போட்டுச் சேர்த்த எண்களுக்குள்ளேயோ ஒளிந்திருக்கும். ஒரு டேபிளில் 00417 என்ற எழுத்துச் சரம், இன்னொன்றில் 417 என்ற எண். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

அதனால்தான் ஆர்க்கைவ் மென்பொருள்களில் உறவுகளை நாமே வரையறுக்கும் வசதி இருக்கிறது. உதாரணமாக, ஐபிஎம்மின் ஆப்டிமில் டேட்டாபேஸைத் தொடாமலேயே, ஆப்டிமின் சொந்த டைரக்டரியில் உறவுகளை எழுதிவைக்கலாம். அசல் டேட்டாபேஸில் புதிய கட்டுப்பாடு போட அனுமதி கிடைக்காத இடங்களில் இது பெரிய உதவி.

எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருளுக்கு மென்பொருள் திரைகளும் பெயர்களும் மாறும். செய்ய வேண்டிய முடிவுகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதன்மை டேபிளைத் தேர்வு செய்யுங்கள். எதை அலகாக வைத்து நகர்த்துகிறோம்? ஆர்டரா, வாடிக்கையாளரா? ‘2020-க்கு முந்தைய எல்லா டேபிள்களின் பதிவுகளும்’ என்று தேதியை மட்டும் வைத்து வெட்டினால், 2019 டிசம்பர் 31-ல் போட்ட ஆர்டர் போய்விடும், 2020 ஜனவரி 2-ல் வந்த அதன் பேமென்ட் தங்கிவிடும். தேதி நிபந்தனை முதன்மை டேபிளுக்கு மட்டும்தான். மற்ற டேபிள்கள் தேதியைப் பார்க்கக்கூடாது, உறவைப் பார்க்க வேண்டும்.

2. ஒவ்வோர் உறவையும் முழுதாக எழுதுங்கள். எந்த நெடுவரிசை எதோடு பொருந்துகிறது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஜிஎஸ்டி விதி 46-ன்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருந்தால் போதும். அதாவது 2023-24-ல் வந்த அதே எண் 2024-25-லும் வரலாம். இன்வாய்ஸ் எண்ணை மட்டும் வைத்து உறவை எழுதினால், உங்கள் ஏசியின் பில்லோடு வேறொருவருடைய மிக்ஸியின் பேமென்ட் ஒட்டிக்கொள்ளும். நிதியாண்டு, ஜிஎஸ்டிஐஎன், இன்வாய்ஸ் எண் மூன்றும் சேர்ந்துதான் இங்கே கீ.

3. கட்டாய உறவா, விருப்ப உறவா என்று சொல்லுங்கள். கணக்குத் தொடங்காமல் ‘கெஸ்ட்’ ஆக ஆர்டர் போட்டவர்களுக்கு வாடிக்கையாளர் எண் காலியாக இருக்கும். வாடிக்கையாளர் உறவைக் கட்டாயம் என்று எழுதிவிட்டால், இந்த ஆர்டர்கள் தேர்விலேயே வராது. எந்தப் பிழைச் செய்தியும் தோன்றாது. எண்ணிக்கை மட்டும் குறையும்.

4. ஒவ்வொரு டேபிளும் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுங்கள். மூன்றே வாய்ப்புகள்: நகர்த்துவது, நகல் மட்டும் எடுப்பது, தொடாமல் விடுவது. ஆர்டர், ஐட்டம், பேமென்ட், ரிட்டர்ன், டிஸ்பாட்ச் ஆகியவை நகர வேண்டும். வாடிக்கையாளர், பொருள், ஜிஎஸ்டி விகிதம், வங்கிக் கிளை ஆகியவற்றை மற்ற ஆர்டர்களும் பயன்படுத்துவதால், அவற்றின் நகல் மட்டும் போக வேண்டும். பொருள் டேபிளைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அந்த ஏசி மாடலை நிறுத்தி, அதன் பதிவையும் நீக்கிய நாளில், உங்கள் பில்லில் பெயர் இருந்த இடம் காலியாகும்.

5. எந்தத் திசையில் நடக்கலாம் என்று எல்லை போடுங்கள். தாயிலிருந்து சேய்க்குப் போவது இயல்பு. சேயிலிருந்து தாய்க்கும் போக வேண்டியிருக்கும்: ஐட்டத்திலிருந்து பொருளுக்கு. ஆனால் அந்தப் பொருளிலிருந்து மறுபடி அதன் எல்லாச் சேய்களுக்கும் போகலாம் என்று விட்டுவிட்டால், அதே மாடலை வாங்கிய எல்லோருடைய ஆர்டரும் உள்ளே வந்துவிடும். அவர்கள் வாங்கிய மற்ற பொருட்கள், அவற்றை வாங்கிய மற்றவர்கள் என்று போய், ஒரே ஆர்டரில் தொடங்கியது முழு டேட்டாபேஸையும் இழுத்துக்கொண்டு வரும். ஆப்டிம் ஒவ்வோர் உறவுக்கும் இதை இரண்டு கேள்விகளாகவே கேட்கிறது: சேய் தேர்வானால் தாயையும் எடுக்கவா? அப்படி வந்த தாயின் மற்றச் சேய்களையும் எடுக்கவா? இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ சொல்லும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

எல்லாம் போகும், அல்லது எதுவும் போகாது

உறவு வரைபடம் சரியாக இருந்தாலும், ஓர் ஆர்டர் நகரத் தயாராக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆர்டர் டேபிளில் ‘முடிந்தது’ என்று இருக்கலாம். ஆனால் அதில் உள்ள மூன்று ஐட்டங்களில் ஒன்றின் ரிட்டர்ன் இன்னும் திறந்திருக்கலாம். ரீஃபண்ட் பாதியில் நிற்கலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கலாம்.

இங்கே விதி எளிது: தொடர்புள்ள ஒரு பதிவு தயாரில்லை என்றாலும் மொத்த ஆர்டரும் தங்க வேண்டும். ‘மூடிய ஐட்டங்களை மட்டும் அனுப்பு’ என்று எழுதினால், ஆர்டர் இரண்டாக உடையும். பாதி ஆர்க்கைவில், பாதி இங்கே. எந்தப் பக்கத்தில் கூட்டினாலும் கணக்கு உதைக்கும்.

ஒரே பேமென்ட் இரண்டு ஆர்டர்களுக்கு இருந்தால்? முதல் ஆர்டரோடு பேமென்ட்டை அனுப்பிவிட்டால், இரண்டாவது ஆர்டர் பணமே கட்டாத ஆர்டராகத் தெரியும். அந்த வாடிக்கையாளருக்கு, “உங்கள் நிலுவைத் தொகையைச் செலுத்துங்கள்” என்று ஒரு மெசேஜ் போனாலும் ஆச்சரியமில்லை. இப்படிச் சங்கிலியாகக் கட்டப்பட்ட ஆர்டர்கள் எல்லாம் தயாரான பிறகே ஒன்றாக நகர வேண்டும்.

நீக்கும்போது கட்டுப்பாடுகள் என்ன செய்யும்?

ஆர்க்கைவில் எழுதும்போது தாய் முதலில், சேய் பிறகு. அசலில் நீக்கும்போது நேர் எதிர்: சேய் முதலில், தாய் கடைசியில். இந்த வரிசையை மென்பொருள் நீங்கள் எழுதிய உறவுகளிலிருந்துதான் கண்டுபிடிக்கிறது.

தாயை நீக்கினால் சேய்க்கு என்ன ஆக வேண்டும் என்பதை டேட்டாபேஸ் கட்டுப்பாட்டில் எழுதியிருப்பார்கள். ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்றால், சேய் இருக்கும்வரை தாயை நீக்க விடாது. ‘செட் நல்’ என்றால், சேய் தங்கும், ஆனால் யாருடையது என்ற தடம் அழியும். ‘கேஸ்கேட்’ என்றால், தாயோடு சேர்த்துச் சேய்களையும் சத்தமில்லாமல் அழிக்கும்.

ஆர்க்கைவில் மிகவும் பயப்பட வேண்டியது கேஸ்கேட். டிஸ்பாட்ச் போன்ற ஒரு சேய் டேபிளை உறவுப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ரெஸ்ட்ரிக்ட் இருந்தால் வேலை பாதியில் நின்று, ‘ஏதோ விட்டுப்போச்சு’ என்று காட்டிக்கொடுக்கும். கேஸ்கேட் இருந்தால், நகல் எடுக்காத பதிவுகள் அழிந்துவிடும், வேலை ‘வெற்றி’ என்று முடியும். இரவு 2 மணிக்கு வேலை நின்றுபோனால் எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சல் உங்களைக் காப்பாற்றுகிறது. “வேகமா முடியணும், கன்ஸ்ட்ரெய்ன்ட்டை கொஞ்சம் டிசேபிள் பண்ணிக்கலாம்” என்று யாராவது சொன்னால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேகம்தான் பிரச்சினை என்றால் இன்டெக்ஸைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ஃபாரின் கீ வைத்தாலும், சேய் டேபிளில் அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் தானாக உருவாகாது. ஒவ்வொரு தாய்ப் பதிவை நீக்கும்போதும் சேய் டேபிள் முழுவதையும் தேடும். இன்னோடிபி அந்த இன்டெக்ஸைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

இன்னொரு விஷயமும் எளிதில் மறந்துபோகும். லைவ் டேட்டாபேஸின் கட்டுப்பாட்டுக்கு லைவில் இருக்கும் பதிவுகள் மட்டுமே தெரியும். ‘ஒரு வாடிக்கையாளர் முதல் ஆர்டர் கூப்பனை ஒரு முறைதான் பயன்படுத்தலாம்’ என்று யுனிக் கட்டுப்பாடு இருக்கலாம். பழைய கூப்பன் பதிவு ஆர்க்கைவுக்குப் போனதும், அதே ஆள் மறுபடி புதிய ஆள் ஆகிறார். கூப்பன் என்றால் சில நூறு ரூபாய். சப்ளையர் பில்லுக்கு இரண்டு முறை பணம் போகாமல் தடுப்பதும் அதே வகைக் கட்டுப்பாடுதான் என்றால்? அதனால் இப்படிப்பட்ட இடங்களில் கீயை மட்டுமாவது ஒரு சிறிய டேபிளில் லைவிலேயே விட்டுவைக்க வேண்டும்.

18% எங்கிருந்து வந்தது?

நம் பில்லில் மீதமிருக்கும் பிழை இது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28%-லிருந்து 18%-ஆகக் குறைந்தது. ஜிஎஸ்டி விகித டேபிளில் யாரோ பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதினார்கள். அன்றாட விற்பனைக்கு அது சரி. ஆனால் ஆர்க்கைவில் இருந்த பில், விகிதத்தைத் தன்னோடு எடுத்துவரவில்லை. இன்னும் லைவ் டேபிளைத்தான் சுட்டிக்கொண்டிருந்தது. 2023-ன் பில் 2025-ன் விகிதத்தில் கணக்குப் போட்டது.

இப்படி மாறும் டேபிள்கள் நம்மைச் சுற்றி நிறைய. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது. எஸ்ஒய்என்பி என்று தொடங்கிய அதன் ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. பழைய ரீஃபண்ட் எந்தக் கிளைக்குப் போனது என்று தேட, இன்றைய கிளைப் பட்டியல் உதவாது. தெலங்கானாவின் வாகனக் குறியீடு 2024-ல் டிஎஸ் என்பதிலிருந்து டிஜி ஆனது. 2011 சென்சஸின்போது நாட்டில் 640 மாவட்டங்கள். இன்று 750-ஐத் தாண்டிவிட்டது. வேலூர் 2019-ல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. டேட்டா ஜர்னலிஸ்ட்டாக நான் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கோப்பில் மாவட்டக் குறியீடு இருக்கும். அந்த ஆண்டில் அது எந்த எல்லையைக் குறித்தது என்ற பட்டியல் இருக்காது. எண்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும், அர்த்தம் மட்டும் போயிருக்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, நகர்த்தும்போது அந்தப் பதிவுக்குப் பொருந்தும் விகிதத்தையும் பெயரையும் சேர்த்தே நகல் எடுப்பது. இன்னொன்று, மாறும் டேபிள்களில் பழையதை அழிக்காமல், ‘இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை’ என்று வைத்துக்கொள்வது. இரண்டாவது வழியில் போனால், உறவை எழுதும்போது தேதியையும் சேர்த்து எழுத வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவின்படி, கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ‘ஆர்டர் தேதியிலிருந்து 6 ஆண்டு’ என்று பலர் சுருக்கிக்கொள்வது தவறு. நம் ஏசி வாங்கியது 2023 மே, அதாவது 2023-24 நிதியாண்டு. அதற்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதங்கள் என்றால் 2030 டிசம்பர் 31. சுருக்குக் கணக்கில் நீக்கினால் 2029 மே மாதமே போய்விடும், ஒன்றரை ஆண்டுக்கு மேல் முன்னதாக.

கவனித்தீர்களா? நீக்கும் தேதி ஆர்டர் டேபிளில் இல்லை. அது நிதியாண்டு டேபிளோடு உள்ள உறவிலிருந்து வருகிறது. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால் காலம் நீளும். ஆக, வழக்கு டேபிளோடும் உறவு வேண்டும். நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 128-வது பிரிவின்படி, கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு எது பொருந்தும், எது நீளமானது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023. தேவை முடிந்த தனிநபர் தரவை அழிக்க வேண்டும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர, என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன.

“என் தரவை அழியுங்கள்” என்று ஒருவர் கேட்டால், அவருடைய பெயரும் போன் எண்ணும் லைவில் மட்டுமா இருக்கின்றன? வாடிக்கையாளர் டேபிளை நகல் எடுத்தோமே, அந்த ஒவ்வோர் ஆர்க்கைவிலும் இருக்கின்றன. பில்லைச் சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டும், தேவையற்ற விவரங்களை அழிக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று காட்ட, நீங்கள் எழுதிவைத்த உறவு வரைபடம்தான் கையில் இருக்கும் ஒரே வழிகாட்டி.

சரியாக நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அசலை நீக்கும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள். டெவலப்பர் இல்லையென்றால், டீமிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

• ஒவ்வொரு டேபிளிலும் தேர்வான பதிவுகளின் எண்ணிக்கையும் ஆர்க்கைவில் எழுதப்பட்ட எண்ணிக்கையும் ஒன்றா? மொத்த எண்ணிக்கை போதாது, டேபிள்வாரியாக வேண்டும்.

• தொகைகள் ஒத்துப்போகின்றனவா? ஆர்டர், பேமென்ட், வரி மூன்றையும் இரு பக்கமும் கூட்டிப் பாருங்கள்.

• தாய் இல்லாத சேய்கள் எத்தனை? லைவிலும் ஆர்க்கைவிலும் தனித்தனியாக எண்ணுங்கள். ஆர்க்கைவுக்கு முன்பே லைவில் சில இருக்கலாம். அந்த எண்ணிக்கையையும் முதலிலேயே எழுதிவையுங்கள்.

• லைவ் டேட்டாபேஸோடு தொடர்பே இல்லாத ஒரு கணினியில், ஆர்க்கைவை மட்டும் வைத்து ஒரு பில்லை முழுதாக எடுக்க முடிகிறதா? நம் ஏசி பில்லின் மூன்று பிழைகளும் இந்தச் சோதனையில் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

• உறவு வரைபடம் ஆர்க்கைவோடு சேர்த்தே சேமிக்கப்பட்டிருக்கிறதா? 2030-ல் அதைத் திறப்பவருக்கு உங்கள் போன் எண் தெரியாது.

முதல் முறை செய்கிறீர்கள் என்றால் எல்லா ஆர்டரையும் தொடாதீர்கள். சிக்கலான பத்து ஆர்டர்களை நீங்களே பொறுக்கி எடுங்கள்: ஒரு கெஸ்ட் ஆர்டர், பாதி ரிட்டர்ன் ஆன ஒன்று, இரண்டு ஆர்டருக்கு ஒரே பேமென்ட், டிசம்பர் 31 இரவு போட்ட ஒன்று, நிறுத்தப்பட்ட பொருள் உள்ள ஒன்று. இந்தப் பத்தும் முழுசாகப் போய், முழுசாகத் திரும்பி வந்தால் மீதியைத் தொடலாம்.

கூடவே ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் சிஸ்டத்தில் அதிக காலம் இருக்கும் ஆளிடம் உட்கார்ந்து, “டேட்டாபேஸ்ல எழுதாத கனெக்ஷன் என்னென்ன இருக்கு, சொல்லுங்கண்ணா” என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போது கேட்பதைவிட இப்போது கேட்பது நல்லது.